நிலவுக்கு முந்தைய பிங்க் ஃப்ளாய்ட்

பிங்க் ஃப்ளாய்டைப் பிடிக்கும் என்று சொல்கிறவரிடம் எந்த ஆல்பம் என்று கேட்டால், பெரும்பாலும் நான்கில் ஒன்றுதான் பதிலாக வரும். 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', 'விஷ் யூ வேர் ஹியர்', 'அனிமல்ஸ்', 'தி வால்'. நான்குமே 1973-க்கும் 1979-க்கும் இடையில் வந்தவை. முதலாவது ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் 1988 வரை மொத்தம் 741 வாரம் உட்கார்ந்திருந்தது. அதற்கு முன்னால் இதே குழு ஏழு ஆல்பங்கள் போட்டிருக்கிறது என்பது, அந்தத் தட்டின் அட்டையிலுள்ள முப்பட்டகப் படம் போட்ட பனியனை ஆசையாக அணிகிற பலருக்குப் புதுச் செய்தி.

அந்த நான்கையும் கேட்டுக் கேட்டு, எந்த இடத்தில் டேவிட் கில்மோரின் கிட்டார் எழும், எந்த இடத்தில் அலாரம் அடிக்கும் என்பதுவரை மனப்பாடம் ஆனவருக்கான அத்தியாயம் இது.

இந்த இடத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள். ஒழுங்கு பார்க்கிறவர்கள் முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகத் தொடங்குவார்கள். 1967-இல் வந்த 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்' அருமையான தட்டு; ஆனால் அது ஸிட் பாரெட்டின் தட்டு. அவர் எழுதிப் பாடிய குறும்பான பாடல்களுக்கும், அவர் விலகிய பின் கில்மோரும் ரோஜர் வாட்டர்ஸும் ரிச்சர்ட் ரைட்டும் நிக் மேசனும் சேர்ந்து செய்ததற்கும் உறவு குறைவு. 'டைம்' போலவோ 'எக்கோஸ்' போலவோ எதிர்பார்த்து வருகிறவருக்கு அங்கே ஏமாற்றம். அதையும் தாண்டி வரிசையாகப் போனால், நான்காவதாக 'உம்மகும்மா' காத்திருக்கிறது. அதன் இரண்டாம் தட்டு பல நல்ல ரசிகர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

அதனால் இங்கே பரிந்துரைக்கும் வழி பின்னோக்கியது. 'டார்க் சைட்'டிலிருந்து ஓராண்டு பின்னால் போய்க் கேட்க வேண்டும். பிறகு இன்னும் ஓராண்டு. இப்படிப் போனால் ஒவ்வொரு ஆல்பத்திலும் காதுக்கு ஏற்கெனவே பழகிய ஏதோ ஒன்று அகப்படும். அதைப் பிடித்துக்கொண்டே அடுத்ததற்குப் போகலாம்.

மேகம் மறைத்தது

முதல் நிறுத்தம் 1972 ஜூனில் வந்த 'அப்ஸ்க்யூர்ட் பை க்ளவுட்ஸ்'. இது ஒரு திரைப்படத்துக்கான இசை. பார்பே ஷ்ரோடர் இயக்கிய 'லா வாலே' என்ற பிரெஞ்சுப் படம், பப்புவா நியூ கினியின் மலைகளுக்கு நடுவே, வரைபடத்தில் மேகம் மறைத்ததாகக் குறிக்கப்பட்ட ஒரு பள்ளத்தாக்கைத் தேடிப் போகிறவர்களைப் பற்றியது. பாரிஸுக்கு அருகே ஏரூவீல் என்ற ஊரில் ஒரு பழைய மாளிகையை ஸ்டுடியோவாக மாற்றியிருந்தார்கள். எல்டன் ஜான் 'ஹாங்கி ஷட்டோ'வைப் பதிவு செய்ததும் அங்கேதான், அதே ஆண்டில்தான். பிங்க் ஃப்ளாய்ட் அங்கே ஜப்பான் பயணத்துக்கு முன் ஒரு தவணையும் பின் ஒரு தவணையுமாக, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மொத்த வேலையையும் முடித்துவிட்டுக் கிளம்பியது.

தமிழ் வாசகருக்கு ரீ-ரெக்கார்டிங் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தத் தட்டுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் ஷ்ரோடரின் 'மோர்' படத்துக்கு இசையமைத்தபோது, காட்சியைத் திரையில் ஓடவிட்டு வாசித்துப் பதிவு செய்யும் வசதிக்குப் பணம் இல்லை. படத்தை ஒரு தியேட்டரில் போட்டுப் பார்த்து, ஒவ்வொரு காட்சியின் நீளத்தையும் ஸ்டாப்வாட்ச் வைத்துக் குறித்துக்கொண்டு, லண்டன் பை ஸ்டுடியோவுக்குப் போய் அந்த அளவுக்கு வாசித்தார்கள். ஒரு பாட்டுக்கு ஆறு மாதம் மெனக்கெடும் குழு என்று பெயரெடுத்தவர்கள், கடிகாரம் துரத்தும்போது எப்படி வேலை செய்தார்கள் என்பதை இந்தப் படத் தட்டுகளில்தான் கேட்க முடியும். நீட்டி முழக்க நேரம் இல்லை. பாடல்கள் மூன்று, நான்கு நிமிடத்தில் முடிகின்றன.

'அப்ஸ்க்யூர்ட்' உருவான நேரத்தைக் கவனிக்க வேண்டும். 1972 ஜனவரியிலேயே 'டார்க் சைட்' பாடல்களைக் குழு மேடையில் வாசிக்கத் தொடங்கிவிட்டது. அதன் ஸ்டுடியோப் பதிவு தொடங்கியது மே மாத இறுதியில். இரண்டுக்கும் நடுவில் செய்த தட்டு இது. அதனால் இரண்டும் ஒரே கையெழுத்தில் இருக்கின்றன. ஒரு சின்னப் பயிற்சி: 'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்' பாடலை முதலில் போட்டுக் கேளுங்கள். இருட்டுக்குள்ளிருந்து ஓர் ஒலி மெல்லக் கிளம்பி வரும். பின் தாளம் சேரும். அதன் மேல் கில்மோரின் கரகரப்பான குரலும், இடையில் வெட்டி வரும் கிட்டாரும். முடிந்ததும் உடனே 'டைம்' பாடலைப் போடுங்கள். அண்ணன் தம்பி ஜாடை தெரியும். 'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்' என்ற தலைப்பு ஆர்தர் சி. கிளார்க் 1953-இல் எழுதிய நாவலின் பெயர். பாடல் வந்த காலத்தில் கிளார்க் கொழும்பில் வாழ்ந்துகொண்டிருந்தார். பாடலின் வரிகளை எழுதியவர் கில்மோர். பிங்க் ஃப்ளாய்டுக்காக அவர் மறுபடி வரி எழுதியது, வாட்டர்ஸ் வெளியேறிய பிறகு, 1987-இல்தான்.

'பர்னிங் பிரிட்ஜஸ்' இன்னொரு தடயம். கில்மோரும் ரைட்டும் மாறி மாறிப் பாடும் மிதமான வேகப் பாட்டு. அதே மெட்டு 'மட்மென்' என்ற வாத்திய இசையாக மறுபடி வந்து, நடுவில் கிட்டார் ஓலமிடுகிறது. 'ஃப்ரீ ஃபோர்' கைதட்டித் தாளம் போடவைக்கும் துள்ளல் பாட்டு. வரிகளைக் கேட்டால் சாவு, புதைகுழி, இறந்துபோன தகப்பன். வாட்டர்ஸின் தந்தை 1944-இல் இத்தாலியின் ஆன்ஸியோ போர்முனையில் இறந்தவர். பின்னாளில் 'தி வால்' முழுக்கப் பரவி நிற்கும் அந்தத் துக்கம் இங்கே வேடிக்கைப் பாட்டின் முகமூடியில் வந்து போகிறது. 'வாட்ஸ்... அ தி டீல்' என்ற பாட்டை கில்மோர் 2006 இசைப் பயணத்தில் தூசி தட்டி எடுத்துப் பாடினார். அந்த அரங்கிலிருந்த பலருக்கு அது புதுப் பாட்டாகவே இருந்திருக்கும்.

குறையும் உண்டு. 'தி கோல்ட் இட்ஸ் இன் தி...' யார் வேண்டுமானாலும் வாசித்திருக்கக்கூடிய சாதாரண ராக். கடைசி ட்ராக்கின் முடிவில் வரும் மாபுகா பழங்குடியினரின் பாட்டு படத்தோடு பொருந்துகிற அளவு தட்டில் பொருந்தவில்லை. இருந்தும், பிங்க் ஃப்ளாய்டின் தட்டுகளிலேயே இவ்வளவு நன்றாக இருந்தும் இவ்வளவு குறைவாகக் கேட்கப்பட்ட ஒன்று வேறில்லை.

இருபத்து மூன்று நிமிடம்

அடுத்தது 1971-இன் 'மெடில்'. இதை அதிகம் அறியப்படாத தட்டு என்று சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். 'எக்கோஸ்' பிரபலம்தான். ஆனால் அமெரிக்காவில் அன்று 70-ஆம் இடத்தைத் தாண்டாத ஆல்பம் இது. இன்றும் முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் மட்டும் கேட்டுவிட்டு நடுவில் இருப்பதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

'எக்கோஸ்' எல்பியின் இரண்டாம் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது கையில் பாட்டே இல்லை. தோன்றிய துணுக்குகளையெல்லாம் பதிவு செய்து, 'நத்திங், பார்ட்ஸ் 1 டு 24' என்று பெயர் வைத்தார்கள். அந்தத் துணுக்குகளில் ஒன்று, ரைட் பியானோவின் மேல் ஸ்தாயியில் தட்டிய ஒற்றை ஸ்வரம். அதைச் சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கி வழியாக அனுப்பியபோது, கடலடியில் நீர்மூழ்கியின் சோனார் ஒலிப்பது போன்ற ஒரு 'பிங்' வந்தது. மொத்தப் பாட்டும் அந்த ஒற்றை ஒலியிலிருந்து கிளம்புகிறது.

நிதானமாகக் கேட்க வேண்டியது இது. முதல் சில நிமிடங்கள் கில்மோரும் ரைட்டும் சேர்ந்து பாடும் மென்மையான பாட்டு. ஏழாவது நிமிட வாக்கில் பேஸும் டிரம்ஸும் ஒரு நடையைப் பிடித்துக்கொள்ள, ஆர்கனும் கிட்டாரும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும். பதினோராவது நிமிடத்தை ஒட்டி அதுவும் கரைந்து, காற்றின் ஊளையும் பறவைகள் அலறுவது போன்ற கீச்சொலியும் மட்டும் மிஞ்சும். அது பறவை இல்லை, கிட்டார். வா-வா பெடலில் வயரை முன்பின்னாக மாற்றிச் செருகினால் வரும் விபரீதச் சத்தத்தை கில்மோர் அப்படியே பயன்படுத்திக்கொண்டார். பல கேட்பவர்கள் இந்த இடத்தில் பொறுமையிழந்து ட்ராக்கை நகர்த்துவார்கள். நகர்த்தக் கூடாது. அந்த வெறுமையிலிருந்து 'பிங்' மறுபடி கேட்டு, ஆர்கன் எழுந்து, எல்லா வாத்தியமும் ஒன்றுசேரும்போது கிடைக்கும் விடுதலைக்கு அந்த நான்கு நிமிட வெறுமையே விலை.

முதல் பக்கத்தின் 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' இயர்போனில் கேட்க வேண்டியது. வாட்டர்ஸும் கில்மோரும் இருவருமே பேஸ் வாசிக்கிறார்கள். ஒரு காதுக்கு ஒன்று. அதில் ஒன்று மந்தமாக ஒலிக்கும். காரணம் பழைய கம்பி. புதுக் கம்பி வாங்கிவர அனுப்பப்பட்ட உதவியாளர் தன் காதலியைப் பார்க்கப் போய்விட்டார் என்று கில்மோர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 'ஃபியர்லெஸ்' பாட்டின் முடிவில் கேட்பது லிவர்பூல் கால்பந்து ரசிகர்களின் கூட்டுப் பாட்டு. 'ஷேமஸ்'ஸில் ஊளையிடுவது பாடகர் ஸ்டீவ் மாரியட்டின் நாய். அந்த ஒன்றை மட்டும் தாண்டிப் போகலாம். நாய்ப் பிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

அட்டைப்படத்தில் இருப்பது தண்ணீருக்கடியில் ஒரு காது. வடிவமைத்த ஸ்டார்ம் தார்கர்சன் முதலில் குரங்கின் பின்புறத்தை நெருங்கிப் படமெடுத்துப் போடலாம் என்றார். ஜப்பானில் இருந்த குழு, காது போதும் என்றது.

பசுமாடு, பித்தளை, பேக்கன்

1970-இன் 'ஆட்டம் ஹார்ட் மதர்' இங்கிலாந்தில் இவர்களுக்கு முதல் இடத்தைத் தந்த முதல் ஆல்பம். அதே ஆல்பத்தை வாட்டர்ஸும் கில்மோரும் பிற்காலத்தில் திட்டித் தீர்த்தார்கள். படைத்தவர்களே வெறுக்கும் தட்டை ஏன் கேட்க வேண்டும்? கேட்கத்தான் வேண்டும். 'டார்க் சைட்'டில் ஒட்டுப்போட்ட தழும்பு தெரியாது. இங்கே எல்லாத் தழும்பும் தெரியும்.

தலைப்புப் பாட்டு ஒரு பக்கம் முழுக்க ஓடும், ஏறக்குறைய 24 நிமிடம். அதன் அடித்தளமான டிரம்ஸையும் பேஸையும் மேசனும் வாட்டர்ஸும் நிறுத்தாமல் ஒரே வாசிப்பில் முடிக்க வேண்டியிருந்தது. அப்போது புதிதாக வந்திருந்த அகல டேப்பை வெட்டி ஒட்டக் கூடாது என்று இஎம்ஐ நிறுவனம் கட்டளை போட்டிருந்தது. அவ்வளவு நேரம் இருவர் மட்டும் வாசித்தால் வேகம் கூடிக் குறையத்தானே செய்யும்? அந்த ஆட்டம் காணும் தளத்தின் மேல்தான் இசையமைப்பாளர் ரான் கீசின் பித்தளை வாத்தியங்களுக்கும் பாடகர் குழுவுக்கும் இசை எழுதினார். கலைஞர்களுக்கும் அவருக்கும் ஒத்துப்போகாமல், கடைசியில் பாடகர் குழுத் தலைவர் ஜான் ஆல்டிஸ் நடத்தும் பொறுப்பை ஏற்றார். பாட்டுக்குப் பெயரே இல்லாமல் பிபிசி நிகழ்ச்சிக்குப் போனவர்கள், அன்றைய 'ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழைப் புரட்டி, அணுசக்தியில் இயங்கும் பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்ட ஒரு பெண்ணைப் பற்றிய செய்தியிலிருந்து பெயரை எடுத்தார்கள். அட்டையில் குழுவின் பெயர் இல்லை. பாட்டர்ஸ் பார் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஒரு பசு மட்டும் திரும்பிப் பார்க்கிறது.

ஸ்டான்லி குப்ரிக் 'எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்' படத்துக்கு இந்த இசையைக் கேட்டு, குழு மறுத்துவிட்டது. ஆனால் படத்தில் வரும் இசைத்தட்டுக் கடைக் காட்சியில் இந்தப் பசு தலைகாட்டுகிறது.

புதிதாக வருகிறவருக்குத் தட்டைத் திருப்பிப் போடுவதுதான் யோசனை. இரண்டாம் பக்கத்தில் முதல் மூன்று பாட்டும் ஆளுக்கொன்று. வாட்டர்ஸின் 'இஃப்', ரைட்டின் 'சம்மர் 68', கில்மோரின் 'ஃபேட் ஓல்ட் சன்'. பின்னாளில் சண்டையிட்டுப் பிரிந்த இந்த மூவரின் குணமும் அடுத்தடுத்துத் தெரியும். கடைசியாக வரும் 'ஆலன்ஸ் சைக்கடெலிக் பிரேக்ஃபாஸ்ட்'டில் குழுவின் உதவியாளர் ஆலன் ஸ்டைல்ஸ் காலை உணவு தயாரிக்கிறார். பேக்கன் வாணலியில் பொரிகிறது, குழாய் சொட்டுகிறது. முதல் இங்கிலாந்து எல்பியில் அந்தச் சொட்டு, முள் தட்டின் உள்வட்டத்தில் மாட்டிக்கொண்டு, யாராவது எழுந்துபோய் எடுக்கும்வரை சொட்டிக்கொண்டே இருக்கும். ஒருமுறை சிரிக்கலாம், மறுமுறை கேட்கத் தோன்றாது.

எங்கே நிறுத்துவது

1969-க்குப் போய்விட்டால் கவனம் தேவை. அந்த ஆண்டு இரண்டு ஆல்பங்கள். 'மோர்' படத்துக்கான தட்டில் முன்னணிக் குரல் முழுக்க கில்மோருடையது. 'சிம்பலைன்', 'க்ரீன் இஸ் தி கலர்' இரண்டும் இபிஸாத் தீவின் வெயிலும் சோம்பலும் கலந்த மென்மையான பாடல்கள். இரண்டாவதில் குழலூதுவது மேசனின் மனைவி லிண்டி. அவற்றோடு 'தி நைல் சாங்' என்று காட்டுக்கத்தலும் ஒன்று உண்டு. மீதி படத்துக்கான நிரப்பல். மூன்றையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு நகரலாம்.

'உம்மகும்மா' இரட்டைத் தட்டு. முதல் தட்டு பர்மிங்ஹாமிலும் மான்செஸ்டரிலும் மேடையில் பதிவானது. நான்கே பாட்டு, நான்கும் ஸ்டுடியோ வடிவத்தைவிடப் பல மடங்கு வலு. 'கேர்ஃபுல் வித் தட் ஆக்ஸ், யூஜீன்' பாட்டில் ஓசையில்லாமல் பதுங்கி வந்து திடீரென வெடிக்கும் வாட்டர்ஸின் அலறலை இரவில் தனியாகக் கேட்பவர் வால்யூமைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்வது நல்லது. இரண்டாம் தட்டில் நால்வரும் ஆளுக்கு அரைப் பக்கம் பிரித்துக்கொண்டார்கள். தன் பகுதிக்கு வரி எழுதித் தரும்படி கில்மோர் கேட்க, வாட்டர்ஸ் முடியாது என்றார். வாட்டர்ஸின் 'க்ரான்ட்செஸ்டர் மெடோஸ்' ஒன்று தேறும். கேம்பிரிட்ஜ் பக்கத்து ஆற்றங்கரையும் பறவைகளும் ஓர் அக்கூஸ்டிக் கிட்டாரும். மற்றவை சோதனைச்சாலைக் குறிப்புகள். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு ஆகும்.

தட்டில் இல்லாத ஒன்றும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். 1969 இறுதியில் அன்டோனியோனியின் 'ஸப்ரிஸ்கி பாயிண்ட்' படத்துக்காகக் குழு ரோமில் வேலை செய்தது. இயக்குநர் மூன்று துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டார். கலவரக் காட்சிக்காக ரைட் வாசித்த சோகமான பியானோ இசை அவருக்குப் பிடிக்கவில்லை. நிராகரிக்கப்பட்ட அந்த மெட்டுதான் 1973-இல் 'அஸ் அண்ட் தெம்' ஆயிற்று. 2016-இல் வந்த 'தி எர்லி இயர்ஸ் 1965–1972' பெட்டியில் அந்தப் பழைய வடிவம் கிடைக்கிறது. முழுப் பெட்டி 27 தட்டுகள், விலையும் அதற்கேற்ப. ஆண்டுவாரியாகப் பிரித்த தொகுதிகள் அடுத்த ஆண்டே தனித்தனியாக வந்துவிட்டதால், முதலில் 1971, 1972 தொகுதிகளைத் தேடுவது புத்திசாலித்தனம்.

கேட்கும் முறையிலும் இரண்டு விஷயம். ஆப்பில் கேட்பவர் ஷஃபிளையும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிட வேண்டும். 'அப்ஸ்க்யூர்ட்' தட்டின் முதல் இரண்டு ட்ராக்குகளும் 'மெடில்' தட்டின் முதல் இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று கிளம்புபவை. இரண்டாவது, கண்ணால் பார்க்கவும் ஒன்று இருக்கிறது. 1971 அக்டோபரில் இத்தாலியின் பொம்பெயியில் உள்ள பழைய ரோமானிய அரங்கில், ஒரு பார்வையாளர்கூட இல்லாமல் குழு வாசித்ததை ஏட்ரியன் மேபன் படமாக்கினார். 2025-இல் அது சீர்செய்யப்பட்டுத் திரையரங்குகளுக்கு மறுபடி வந்தது. 'எக்கோஸ்' பிடிபடாதவர்கள் அதில் ரைட்டின் விரல்களையும் மேசனின் கைகளையும் பார்த்தபடி கேட்டால் பாதி புதிர் அவிழும். 'டார்க் சைட்'டுக்கு முந்தைய பாடல்களை மட்டும் வாசிப்பதற்கென்றே மேசன் 2018-இல் ஒரு தனிக்குழு தொடங்கினார்.

ரைட்டின் பக்கம் மனம் சாய்ந்தவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: 1978-இல் அவர் தனியாக வெளியிட்ட 'வெட் ட்ரீம்'. சாக்ஸஃபோனில் மெல் காலின்ஸ், கிட்டாரில் ஸ்னோயி வைட். ஆரவாரமே இல்லாத மாலை நேரத் தட்டு.

கையில் ஓர் ஆல்பத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் 'அப்ஸ்க்யூர்ட் பை க்ளவுட்ஸ்' வாங்குங்கள். இரண்டுக்கு இருந்தால் 'மெடில்' சேர்த்துக்கொள்ளுங்கள். 'உம்மகும்மா'வை மட்டும் தெரிந்தவரிடம் இரவல் வாங்கி இரண்டாம் தட்டைக் கேட்டுவிட்டு, பிறகு பணத்தை எடுங்கள்.